முஹம்மது அஸத்: செய்தி சொல்ல வந்தவர்

அயல்நாட்டுச் செய்தியாளர் இரு சமூகங்களுக்கு நடுவே நிற்பவர். தம் மக்கள் காணாத மக்களை அவர்களுக்குக் காட்டுவது அவர் பணி. அவர் கண் பிசகினால் ஒரு நாடே மற்றொரு நாட்டைப் பிசகாக அறிந்துகொள்ளும். கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:6) நம்மைப் பணிப்பது இதனாலேயே. முஹம்மது அஸத் அவர்களைத் திருக்குர்ஆன் விரிவுரையாளராக நாம் அறிவோம். ஆனால் அவரை அந்த இடத்திற்குக் கொண்டுசேர்த்தது செய்தியாளர் தொழிலே என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

1900 ஜூலை 2இல், அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்த லெம்பெர்க் நகரில் (இன்றைய உக்ரைனின் லிவீவ்) ஒரு யூதக் குடும்பத்தில் லியோபோல்டு வைஸ் பிறந்தார். பாட்டனார் யூத மதகுரு, தந்தை வழக்கறிஞர். இளமையிலேயே ஹீப்ரு மொழியையும் யூத வேதங்களையும் கற்றார். பின்னர் பெர்லினில் செய்தி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து பத்திரிகைத் தொழிலைப் பழகினார். 1922இல் தாய்மாமனின் அழைப்பை ஏற்று ஜெருசலம் சென்றார். அங்கிருந்து, ஜெர்மனியின் பெருமதிப்பு வாய்ந்த நாளேடுகளுள் ஒன்றான ஃபிராங்க்ஃபுர்ட்டர் ஸைட்டுங்கிற்கு எழுதத் தொடங்கினார்.

பாலஸ்தீனத்தில் அவர் கண்டது, ஐரோப்பாவில் அவர் கேட்டிருந்ததற்கு மாறாக இருந்தது. பெரும்பான்மையாக வாழும் அரபு மக்களின் உரிமையைப் புறக்கணித்து அந்நிலத்தில் ஒரு நாட்டை எழுப்புவது எவ்வகையில் நீதியாகும் என்று ஸியோனிஸத் தலைவர்களிடமே வினவினார். பிறப்பால் யூதரான ஓர் இளைஞர் தம் இனத்தாரிடமே கேட்ட வினா இது. அப்பயணங்களின் விளைவாக அவருடைய முதல் நூல் 1924இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

1926இல் பெர்லினின் சுரங்க ரயிலில் ஒரு நாள், வசதியாக உடுத்தியிருந்த பயணிகளின் முகங்களிலெல்லாம் ஆழ்ந்த துயரம் படிந்திருப்பதை அவர் கவனித்தார். வீடு திரும்பித் திருக்குர்ஆன் பிரதியை நோக்கியபோது கண்ணில் பட்டது பேராசையைப் பற்றிய அத்தகாஸுர் அத்தியாயம். தாம் அன்று கண்டதற்கு அங்கே விளக்கம் இருந்தது. அவ்வாண்டே இஸ்லாத்தைத் தழுவினார். மறு ஆண்டில் ஹஜ் பயணம் மேற்கொண்டார். உடன்வந்த மனைவி எல்ஸா மக்காவிலேயே மறைந்தார். 1932 வரை அரபு நாட்டில் தங்கி, மன்னர் இப்னு ஸஊதின் நட்பைப் பெற்றார். 1931இல், இத்தாலியரை எதிர்த்துப் போராடிய உமர் முக்தாரைச் சந்திக்க, உயிரைப் பணயம் வைத்து லிபியப் பாலைக்குள் நுழைந்தார்.

1932இல் இந்தியா வந்தார். மேலும் கிழக்கே செல்லும் எண்ணத்துடன் வந்தவரை இங்கேயே தங்கிப் பணியாற்றுமாறு வேண்டியவர் அல்லாமா இக்பால். 1934இல் 'இஸ்லாம் அட் தி கிராஸ்ரோட்ஸ்' வெளிவந்தது. மேற்கை நகல் எடுப்பதில் முஸ்லிம்களுக்கு மீட்சி இல்லை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சுன்னத்தை விட்டுவிட்டு இஸ்லாம் நிலைபெறாது என்று அந்நூலில் வாதிட்டார். பிக்தாலுக்குப் பின் ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். ஸஹீஹுல் புகாரியை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். ஐந்து பகுதிகளே அச்சேறின. எஞ்சிய கையெழுத்துப் படிகள் 1947 கலவரத்தில் அழிந்தன.

இந்தியாவில் அவர் அடைந்த சோதனை கொடியது. ஆஸ்திரியாவை 1938இல் ஹிட்லர் விழுங்கியதால், 1939 செப்டம்பரில் போர் மூண்டதும் ஆங்கில அரசு அவரை எதிரி நாட்டவராகக் கருதிச் சிறைப்படுத்தியது. 1945 ஆகஸ்டு வரை முகாம்களில் அடைபட்டிருந்தார். நாஜிகளின் கணக்கில் அவர் யூதர். ஆங்கிலேயர் கணக்கில் ஜெர்மானியர். தம் கணக்கில் அவர் முஸ்லிம். அவர் இங்கே அடைபட்டிருந்த காலத்தில், அவருடைய தந்தையும் தங்கையும் ஐரோப்பாவில் நாஜி முகாம்களில் மாண்டனர்.

பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் வெளியுறவுத் துறையில் பணியாற்றி, ஐ.நா. சபையிலும் அந்நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். 1952இல் பதவி விலகினார். 1954இல் 'தி ரோட் டு மெக்கா' நியூயார்க்கில் வெளியாயிற்று. தன்வரலாறாக அமைந்த அந்நூலில் ஒரு செய்தியாளரின் கூர்நோக்கு வரிதோறும் தெரியும். பின்னர் பல்லாண்டு உழைப்பில் 'தி மெஸேஜ் ஆஃப் தி குர்ஆன்' உருவாகி 1980இல் முழுமையாக வெளிவந்தது. சில அற்புதங்களுக்கு அவர் உருவகப் பொருள் கொண்டதை ஆலிம்கள் பலர் ஏற்கவில்லை. ஸஊதி அரேபியாவில் அது தடைசெய்யவும் பட்டது. அம்மாறுபாடுகளை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் பாலைவன அரபியரோடு வாழ்ந்து, அவர்கள் பேச்சில் சொற்களின் பொருளைத் தேடிய உழைப்பை, அவரை மறுப்போரும் மதித்தாக வேண்டும்.

1992 பிப்ரவரி 20இல் ஸ்பெயினில் மறைந்து, கிரானடாவின் முஸ்லிம் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். 2008இல் வியன்னா நகரம் ஒரு சதுக்கத்திற்கு அவர் பெயரைச் சூட்டியது.

கேட்டதை எழுதாமல் கண்டதை எழுதினார். கண்டது தம் இனத்தாரின் விருப்பத்திற்கு மாறாயினும் எழுதினார். அந்த நேர்மையே அவரை இஸ்லாத்தின் வாயிலுக்கு இட்டுச்சென்றது. நம்மைப் பற்றிப் பிறர் தவறாக எழுதும்போது நாம் வருந்துகிறோம். பிறரைப் பற்றி நம்மிடம் வரும் செய்தியை நாம் எந்த அளவுக்கு விசாரிக்கிறோம் என்பதையும் அஸதின் வாழ்வு நம்மிடம் கேட்கிறது.