300-க்கு 250: ஒரு விளம்பரப் பெட்டியும் ஓர் இலவசக் கருவியும்

கைபேசியில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து இரண்டு பத்தி கீழே இறங்கினால் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்குள் ஒரு புடவை மெல்ல விரியும், விலை மேலிருந்து இறங்கி வந்து உட்காரும், கடைசியில் 'இப்போதே வாங்குங்கள்' என்று ஒரு பொத்தான் மினுங்கும். படம் என்றோ சின்ன வீடியோ என்றோ நினைத்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் பல நேரங்களில் அது தனியே ஒரு வலைப்பக்கம். செய்திப் பக்கத்துக்குள் 300 பிக்சல் அகலமும் 250 பிக்சல் உயரமும் கொண்ட இடத்தை வாடகைக்குப் பிடித்து, தன் எழுத்து, தன் படம், தன் அசைவு எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு ஓடுகிற குட்டிப் பக்கம்.

அப்படி ஒரு பக்கத்தை நிரல் எழுதத் தெரியாதவரும் செய்யலாம், காசு செலவில்லாமலும் செய்யலாம். அதற்கென்றே கூகுள் நிறுவனம் 2013 செப்டம்பரில் வெளியிட்ட மென்பொருள்தான் கூகுள் வெப் டிசைனர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது ஓடும். பெயரைப் பார்த்துவிட்டு முழு இணையதளம் கட்டும் கருவி என்று நினைத்து இறக்கிக்கொள்பவர்கள் உண்டு. சாதாரணப் பக்கங்களும் இதில் செய்யலாம்தான். ஆனால் இதன் ஒவ்வொரு பொத்தானும் விளம்பரத்தை மனதில் வைத்தே அமைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய மென்பொருளை ஏன் சும்மா தருகிறார்கள் என்பதற்கு விடை, இணைய விளம்பரத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற இணைய இதழில் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வெளியானது. அகலமாக ஒரு பட்டை, அவ்வளவுதான். பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதைக் கிளிக் செய்தார்கள் என்று விளம்பர உலகில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். இன்று 100 பேர் பார்த்து ஒருவர் கிளிக் செய்தாலே அது நல்ல விளம்பரம். அசையாத பட்டைக்குப் பின் அசையும் ஜிஃப் படங்கள் வந்தன. ஜிஃப்பில் ஒரு சட்டத்துக்கு 256 நிறங்களுக்கு மேல் கிடையாது. அதனால் புகைப்படங்கள் புள்ளி புள்ளியாகச் சிதைந்து தெரிந்தன.

அந்தக் குறையைத் தீர்த்தது ஃபிளாஷ். 1996-ல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் பிறந்து, மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்குப் போய், 2005-ல் அடோபியிடம் வந்து சேர்ந்த மென்பொருள் அது. பல ஆண்டுகள் இணையத்தில் அசைந்து ஆடிய விளம்பரங்களில் பெரும்பாலானவை ஃபிளாஷில் செய்யப்பட்டவை. ஆனால் பிரவுசரில் அதற்கெனத் தனியாக ஒரு செருகுநிரல் இருந்தால்தான் அது ஓடும். 2007-ல் வந்த ஐபோனில் அந்தச் செருகுநிரலுக்கு இடம் இல்லை. பேட்டரியைத் தின்கிறது, பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம், விரலால் தொட்டு இயக்குவதற்கு ஒத்துவராது என்று 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த மடலே எழுதினார். பிறகு இறங்குமுகம்தான். 2015 செப்டம்பரில் குரோம் பிரவுசர், பக்கத்தின் ஓரங்களில் ஓடும் ஃபிளாஷைத் தானாகவே நிறுத்தி வைக்கத் தொடங்கியது. 2016 ஜூன் 30 முதல் கூகுளின் விளம்பரச் சேவைகளில் ஃபிளாஷ் விளம்பரத்தை ஏற்ற முடியாமல் போனது. 2017 ஜனவரி 2-க்குப் பிறகு ஏற்கெனவே ஏற்றியவையும் நின்றன. 2020 கடைசி நாளோடு அடோபியே ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

ஃபிளாஷின் இடத்துக்கு வந்தது வலைப்பக்கம் எழுதும் மொழியின் புதிய வடிவமான எச்.டி.எம்.எல்.5. எந்தச் செருகுநிரலும் இல்லாமல் எல்லா பிரவுசரிலும் ஓடும். ஆனால் ஃபிளாஷில் சுட்டியால் இழுத்து இழுத்து அசைவு செய்து பழகிய வடிவமைப்பாளரிடம், இனி வரி வரியாக நிரல் எழுது என்றால் அவர் என்ன செய்வார்? அவர் திணறினால் விளம்பரம் வராது. விளம்பரம் வராவிட்டால் கூகுளுக்கு வருமானம் இல்லை. துணிக்கடைக்காரர் வாசலில் வண்டி நிறுத்த இலவசமாக இடம் கொடுப்பது போலத்தான் இதுவும். அதில் தவறு ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்து பயன்படுத்தினால் கருவியின் எல்லைகளும் புரியும்.

இனி கருவிக்குள் போகலாம். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடைக்கு விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். புதிய கோப்பு என்றதும் எந்தச் சேவைக்கான விளம்பரம், என்ன அளவு என்று கேட்கும். கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸ், 300-க்கு 250 என்று கொடுத்தால், திரையின் நடுவே ஒரு வெள்ளைச் செவ்வகம் திறக்கும். இதுதான் மேடை. இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம் நிறம், பண்புகள், நிகழ்வுகள் ஆகியவற்றுக்கான பலகைகள், கீழே டைம்லைன்.

டைம்லைனில் இரண்டு விதம் உண்டு. எளிய முறையில் காட்சிகள் சிறு சிறு கட்டங்களாக வரிசையில் நிற்கும். முதல் கட்டத்தில் கடலை மிட்டாய்ப் படத்தை மேடைக்கு வெளியே இடப்பக்கம் வைக்க வேண்டும். கூட்டல் குறியை அழுத்தினால் அதே காட்சியின் நகல் இரண்டாவது கட்டமாக வரும். அதில் படத்தை நடுவுக்கு இழுத்து விட வேண்டும். இரண்டுக்கும் இடையே அரை விநாடி என்று கொடுத்து இயக்கிப் பார்த்தால் படம் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். இடைப்பட்ட எல்லா நிலைகளையும் மென்பொருளே நிரப்பிக்கொள்கிறது. இன்னொரு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித் தனி லேயர், தனித் தனி கீஃபிரேம் இருக்கும். ஃபிளாஷில் வேலை செய்தவர்களுக்கு இது பழகிய வீடு. புதிதாக வருபவர் எளிய முறையில் தொடங்கி, விலையும் படமும் வெவ்வேறு நேரத்தில் அசைய வேண்டும் என்ற தேவை வரும்போது இதற்கு மாறுவது நல்லது.

இந்த மென்பொருளில் மிக உயர்வாகச் சொல்ல வேண்டியது, மேடைக்கு மேலே இருக்கும் இரண்டு பொத்தான்கள். ஒன்று வடிவமைப்பைக் காட்டும், மற்றது நிரலைக் காட்டும். இழுத்துப் போட்ட கடலை மிட்டாய் நிரல் பக்கத்தில் ஒரு வரியாகக் கிடக்கும். வழுக்கி வந்த அசைவு, சி.எஸ்.எஸ். மொழியில் 'இந்த நேரத்தில் இவ்வளவு பிக்சல் நகர்' என்ற கட்டளைத் தொகுப்பாக எழுதப்பட்டிருக்கும். பொருளின் இருப்பிடத்தைக் கணக்குப் போட்டு முழுப் பக்கத்தையும் திரும்பத் திரும்ப அடுக்காமல், இருந்த இடத்தில் அடுக்கிய பிறகு வரைகலைச் சில்லின் உதவியோடு நகர்த்திக் காட்டும் கட்டளைகளைத்தான் இது பயன்படுத்துகிறது. விலை குறைந்த கைபேசியிலும் அசைவு தடுக்காமல் போவதற்கு அதுதான் காரணம். நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் மேடையில் படம் இடம் மாறும். மேடையில் நகர்த்தினால் நிரலில் எண் மாறும். கல்லூரி மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் உட்கார்ந்து இதை மாற்றி மாற்றிப் பார்த்தாலே போதும், வலைப்பக்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்து கிளிக். அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும், தொட்டால் கடைக்குப் போகாத பெட்டி விளம்பரம் ஆகாது. தொடுபரப்பு என்ற ஒரு கூறு இதற்கென உண்டு. கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாக அதை மேடை முழுவதும் விரித்து, நிகழ்வுகள் பலகையில் 'இதைத் தொட்டால் விளம்பரத்திலிருந்து வெளியேறு' என்று இணைக்க வேண்டும். டைம்லைனில் இந்தத் தகடு எல்லாவற்றுக்கும் மேல் லேயராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். மேலே வேறு ஒன்று மூடிவிட்டால் பெட்டி தொடுதலுக்கு அசையாது. இதே போலப் படங்களை விரலால் தள்ளிப் பார்க்கும் கேலரி, யூடியூப் வீடியோ, வரைபடம் ஆகியவையும் கூறுகளாகவே கிடைக்கின்றன.

தமிழில் விளம்பரம் செய்பவருக்கு முதல் தலைவலி எழுத்துருவில் வரும். நம் ஊர் டிடிபி நிலையங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பது இன்னும் நடக்கிறது. அந்த எழுத்துருவில் திரையில் தமிழாகத் தெரிவது, உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கும். அதை நகலெடுத்து வெப் டிசைனரில் ஒட்டினால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பை விழும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். கணினியில் வாங்கி வைத்திருக்கும் எழுத்துரு விளம்பரத்தோடு தானாகக் கூட வராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மென்பொருளுக்குள்ளேயே கூகுள் எழுத்துருக்களைத் தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது. கட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பவனம், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று பல தமிழ் எழுத்துருக்கள் அங்கே இலவசமாக உள்ளன. கடைப் பெயருக்குத் தடித்த கட்டமரன் எடுப்பாக நிற்கும். விலைக்கும் முகவரிக்கும் ஹிந்த் மதுரை தெளிவாக இருக்கும்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தோன்ற வைக்கும் அசைவில் தமிழுக்கு ஒரு பொறி இருக்கிறது. 'கொ' என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் கிடைக்கும் பல தயார் நிரல்கள் குறியீடு குறியீடாகவே வெட்டும். அப்போது முதலில் 'க' மட்டும் வரும். அடுத்த நொடியில் ஒகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு அநாதையாக நிற்கும். எழுத்தை முழுதாக அடையாளம் காணும் நவீன நிரல்கள் 'கொ'வைச் சேர்த்தே பிடிக்கும். அவைகூட 'லக்ஷ்மி'யில் இருக்கும் க்ஷவை இரண்டாகப் பிரித்துவிடக்கூடும். கடைப் பெயர்களில் லக்ஷ்மிக்குக் குறைவில்லாத ஊர் நம்முடையது. ஆகவே எழுத்து எழுத்தாக வேண்டாம், சொல் சொல்லாக அசைப்பதே தமிழுக்குப் பாதுகாப்பு. பார்க்கவும் அதுதான் கம்பீரம்.

எடை விஷயத்தில் கூகுள் கறார். எல்லாப் படங்களையும் நிரலையும் சேர்த்து ஒரே ஜிப் கோப்பாக வெளியிட வேண்டும். அது 600 கேபிக்கு மேல் போகக் கூடாது. கேமராவில் எடுத்த ஒரு புகைப்படமே பல எம்பி வரும் என்பதால் அதை அப்படியே இழுத்துப் போட்டால் கதை முடிந்தது. 300 பிக்சல் அகலத்தில் தெரியப்போகும் படத்தை 600 பிக்சலுக்குச் சுருக்கிக்கொண்டால் போதும். கூர்மையான கைபேசித் திரையிலும் தெளிவு குறையாது. படத்தைச் சுருக்க ஜிம்ப், கடைச் சின்னத்தைக் கோட்டோவியமாக வரைய இங்க்ஸ்கேப் ஆகிய இரண்டும் இலவசம். கோட்டோவியமாக வரைந்த எளிய சின்னம் சில கேபிதான் இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. அசைவுக்கும் கணக்கு உண்டு, 30 விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும். ஆறு விநாடி அசைவு என்றால் ஐந்து முறை சுழலலாம், பிறகு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் கடைசிக் காட்சியில் கடைப் பெயர், விலை, பொத்தான் மூன்றும் இருக்கட்டும். முதலில் கவனிக்காமல் போய்த் திரும்ப மேலே வருகிறவர் பார்ப்பது அந்தக் காட்சியைத்தான்.

ஜிப் கோப்பு தயாரானதும் எங்கும் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இந்த வகைக் கோப்பு செல்லாது. அங்கே படமும் வீடியோவும்தான். அதற்கு கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தின் இலவசப் பதிப்பே போதும், வார்ப்புருக்கள் ஏராளம், வேலையும் சீக்கிரம் முடியும். கூகுள் ஆட்ஸிலும் எல்லாக் கணக்குக்கும் எச்.டி.எம்.எல்.5 ஏற்றும் உரிமை உடனே கிடைத்துவிடாது. கணக்கு எத்தனை நாள் பழையது, இதுவரை எவ்வளவு செலவு செய்திருக்கிறது, விதிகளை மீறாமல் இருந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். நேற்றுத் தொடங்கிய கடைக்கு இது ஏமாற்றம்தான், சிறு வியாபாரிக்கு இந்த வேலி தேவையற்றது என்றே சொல்ல வேண்டும். அதுவரை அங்கே செய்யக்கூடியது, படங்களையும் 30 எழுத்துக்குள் தலைப்புகளையும் 90 எழுத்துக்குள் விவரங்களையும் கொடுத்துவிட்டு, இடத்துக்கு ஏற்பப் பெட்டியை அடுக்கும் பொறுப்பை கூகுளிடமே விடுவது. 2018 முதல் கூகுளின் விளம்பரச் சேவை தமிழையும் ஏற்கிறது.

உரிமை கிடைத்த பிறகு மற்ற அளவுகளின் வேலை தொடங்கும். 728-க்கு 90, 160-க்கு 600, 300-க்கு 600, கைபேசியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் 320-க்கு 50 என்று கடைகள் வழக்கமாகக் கேட்பவை இவை. 300-க்கு 250-ல் செய்ததைச் சுருக்கி 320-க்கு 50-ல் திணிப்பதுதான் பலரும் செய்வது, அது பலிக்காது. 50 பிக்சல் உயரத்தில் கடலை மிட்டாய் வெறும் பழுப்புக் கட்டமாகத்தான் தெரியும். அங்கே படத்தை எடுத்துவிட்டு, இடப்பக்கம் கடைச் சின்னம், நடுவில் 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்ற மூன்று சொல், வலப்பக்கம் பொத்தான் என்று புதிதாக அடுக்குவதே சரி. விலையைச் சொல்ல வேண்டுமானால் மூன்று விநாடி கழித்து அதே மூன்று சொல்லின் இடத்தில் விலை வந்து மாறிக்கொள்ளட்டும்.