கரை கட்டும் அணுக்கள்

இயற்கை விவசாயத்துக்கு வந்தவங்க அதிகம் புழங்குற வார்த்தை 'எதிர்ப்பு சக்தி'. பயிருக்கும் சொல்றோம், மாட்டுக்கும் சொல்றோம், நமக்கும் சொல்றோம். அது உடம்புக்குள்ள எதுவரைக்கும் வேலை செய்யும், எங்கே நின்னு போகும்? டி.பி. என்கிற காசநோயை எடுத்துக்கிட்டா ரெண்டும் விளங்கும்.

குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதுக்கே சுமார் 20 மணி நேரம் வேண்டும். அவசரமே இல்லாத கிருமி. நோயாளி இருமும்போது காற்றில் கலந்து அடுத்தவர் நுரையீரலுக்குள் போகுது. அங்கே காவலுக்கு நிற்பது மேக்ரோபேஜ் என்கிற வெள்ளை அணு. வேறு கிருமி என்றால் விழுங்கிச் செரித்துவிடும். இதையும் விழுங்கும், ஆனா செரிக்க முடியாது. கிருமியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு. செரிக்கும் அமிலப் பை தன்னிடம் வராமல் தடுக்கவும் அதுக்குத் தெரியும். காவல்காரன் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கிறது!

சில வாரங்களில் டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் வந்து சேரும். இவை விடுகிற சமிக்ஞையால் சோர்ந்த மேக்ரோபேஜ்கள் வேகம் பெறும். கொல்ல முடிந்த கிருமியைக் கொல்லும். முடியாததைச் சுற்றி வளைத்து, அணுக்களாலேயே ஒரு கரை போடும். மருத்துவத்தில் இதுக்குக் கிரானுலோமா என்று பேர்.

நம்ம கண்மாய்க் கரையை நினைச்சுக்கோங்க. ஒரு வித்தியாசம்: கண்மாய்க்கு மண்ணைக் கொட்டி மிதிச்சுட்டு ஆட்கள் வீட்டுக்குப் போயிடலாம். இது ஆட்களே கைகோத்து நிற்கிற கரை. பழைய அணு சாகும், புது அணு வந்து அந்த இடத்தில் நிற்கும். வருஷக்கணக்கா இந்த மராமத்து ஓடிக்கிட்டே இருக்கணும். உலகத்தில் நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருப்பதா உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆவது 100க்கு 5 முதல் 10 பேர்தான். மற்றவர்களுக்குக் கரை நின்றுவிடுகிறது.

கரை எதனால் உடையுது? சர்க்கரை நோய், எச்.ஐ.வி., பீடி, குடி, வயது. நம்ம மாவட்டத்துக்காரங்க கவனிக்க வேண்டியது கல்தூசி. மழை பொய்த்த வருஷம் காட்டை விட்டுட்டு குவாரி, கிரஷர் வேலைக்குப் போறவங்க எத்தனை பேர்! அந்த சிலிக்கா தூசியையும் மேக்ரோபேஜ்தான் விழுங்குது. அதையும் செரிக்க முடியாமல் செத்துப் போகுது. கரைக்கு ஆளே இல்லாமல் போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் பசி. அணுவைப் புதுசா உண்டாக்கப் புரதம் வேண்டாமா? ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை காசநோயாளிகளின் வீட்டாரை, 10,000 பேருக்கு மேல், இரண்டு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். மருந்தும் உணவுப் பொருளும் நோயாளிகள் எல்லாருக்கும் உண்டு. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதுசா நோய் வந்தது 39 சதவீதம் குறைவு. பருப்புதான், பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை. உளுந்து, தட்டப்பயறு, கடலை, முட்டை நம்ம வீட்டிலேயே இருக்கு. அதை முழுசா விற்றுவிட்டு ரேஷன் அரிசியை மட்டும் சாப்பிடுவதுதான் எனக்கு உறுத்துது.

இதைப் படிச்சுட்டு 'அப்போ சாப்பாடே போதும், மாத்திரை எதுக்கு' என்று கிளம்பிடாதீங்க. நம்ம இயக்கத்துக்குள்ளேயே அப்படிப் பேசுறவங்க உண்டு. கரை கிருமியைச் சிறை வைக்கும், ஒழிக்காது. உடைஞ்ச பிறகு சாப்பாட்டை மட்டும் நம்ப முடியாது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், 193 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வீட்டிலும் மீதிப் பேருக்கு மருத்துவ விடுதியிலும் ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்தது. விடுதியில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் நெரிசல், அரைகுறைச் சாப்பாடு. குணமானது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. 1959இல் முடிவு வந்தபின் உலகமே வீட்டு வைத்தியத்துக்கு மாறியது. வராமல் காப்பதில் சாப்பாட்டுக்குப் பங்கு பெரிசு. வந்ததைத் தீர்க்க மருந்து வேணும்.

அந்த மருந்தும் மண்ணிலிருந்து வந்ததுதான். 1943இல் அமெரிக்காவில் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், மழை விழுந்ததும் மண்வாசனை கொடுக்கிற நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்து கிடைத்தது. இன்றைக்கும் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினின் மூலம், 1957இல் பிரான்சின் தென்கரையில் எடுத்த மண்ணிலிருந்து.

ஆறு மாதம் எதுக்கு என்று கேட்பாங்க. கரைக்குள் தூங்குகிற கிருமி மெதுவாகத்தான் சாகும். இரண்டே மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறியதும் மாத்திரையை விட்டால், மிச்சமிருக்கிற கிருமி மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பர் வரை அது 500ஆக இருந்தது. நோயாளி வீட்டிலிருக்கும் குழந்தைகளையும் பெரியவர்களையும் கையோடு கூட்டிக்கிட்டுப் போய்ப் பரிசோதித்துவிடுங்க.