கறள் தின்ற இயந்திரமும் கண்டி மழையும்

மழை வளந் தருவது என்பதை மலைநாட்டில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டி மாநகர், தென்மேற்குப் பருவத்தில் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகையில் மறுமுறையும் நனைகின்றது. அம்மழையே மலைகளுக்குப் பசுமையைத் தருகின்றது. அதுவே நம் வீட்டு இரும்புக்குப் பகையாகின்றது. பூட்டும் பிணைச்சலும் கறள் பிடிப்பதைக் காணாத இல்லம் இங்கு உண்டோ?

சென்ற ஆடி மாதம் எம்மிடம் முன்னர் பயின்ற இளைஞன் ஒருவன் எம்மைத் தேடி வந்தான். அந்தானை மலைச்சாரலில், தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்தவன். தச்சுத் தொழில் பயின்றவன். தாயின் காப்புகளை அடகு வைத்து, மூடிக் கிடந்த மரக்காலை ஒன்றிலிருந்து மரஞ் சீவும் பழைய இயந்திரத்தை வாங்கியிருந்தான். வீட்டிற்குக் கொணர்ந்த பின்னரே அதன் வெட்டுருளை அசையாதிருப்பதைக் கண்டான். நாம் சென்றபோது அவன் கையிற் சம்மட்டி இருந்தது.

“ஐயா, பலமாக ஓர் அடி அடித்தாற் கழன்றுவிடும்” என்றான்.

“தம்பி, அந்த ஓர் அடியில் அம்மாவின் காப்பும் போய்விடும்” என்று சொல்லித் தடுத்தோம்.

காரணம் எளிது. இத்தகைய இயந்திரங்களின் உடலும் மேசையும் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு பாரந் தாங்கும். ஆனால் அடி தாங்காது வெடித்துவிடும். வெடித்ததை ஒட்டுவதும் அரிது. மேலும், இரும்பு நீருடனும் காற்றிலுள்ள பிராணவாயுவுடனுஞ் சேர்ந்து கறளாகும்போது, தான் முன்பிருந்ததைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கின்றது. மரைகளின் இடுக்கில் அது பருத்து ஆப்புப் போல் இறுகுகின்றது. ஆகவே இங்கு வேண்டுவது வலிமையன்று, பொறுமையே.

முதலில் மின்னிணைப்பை முற்றாக நீக்கினோம். அலகுகள் கழன்று வருமாயின் அவற்றை முன்னரே எடுத்துவிடல் வேண்டும். வராவிடின் தடித்த துணியாற் பொதிந்து வைத்தல் வேண்டும். மழுங்கிய அலகும் விரலை அறுக்கும். பின்னர், கறள் ஊடுருவும் எண்ணெயைப் பொருத்துகள்தோறுஞ் சொட்டுச் சொட்டாக விட்டோம். கடைகளில் இன்று எங்கும் விற்கும் டபிள்யூ.டி. 40 என்னும் தெளிப்பு எண்ணெய், 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில், நீரை விலக்கிக் கறளைத் தடுப்பதற்காக நாற்பதாம் முயற்சியில் உருவானது. நாற்பது முறை முயன்றோர் இருக்க, நாம் மூன்று நாள் காத்திருத்தல் பெரிதன்று. காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி வந்தோம். அத்தட்டலின் அதிர்வு எண்ணெய் இறங்க வழி செய்யும்.

நட்டைக் கழற்றும்போது முதலிற் சிறிது இறுக்கிப் பின் தளர்த்துதல் நன்று. சில தண்டுகளில் மரை இடப்புரியாக இருக்கும், எதிர்த்திசையிற் சுற்றி முறித்துவிடலாகாது. எண்ணெய் ஊறிய இடத்திற் தீச்சுடர் காட்டுவது பேராபத்து.

நான்காம் நாள் மாலை உருளை ஒரு விரற்கடை அசைந்தது. முன்னும் பின்னுமாக ஆட்டி, மேலும் எண்ணெய் விட்டதும் முழுச் சுற்றுச் சுற்றியது. இளைஞன் வாய் திறக்கவில்லை, கண்களே பேசின.

மேசையிலிருந்த கறளை மண்ணெண்ணெய் தோய்த்த நுண்ணிய எமரித் தாளால், தட்டையான மரக்கட்டையிற் சுற்றித் தேய்த்தோம். வெறுங்கையால் தேய்த்தால் மேசை மேடுபள்ளமாகும். சிறிய உதிரிப் பாகங்களை வினாகிரியில் ஓரிரவு ஊறவைத்து, அப்பச்சோடா கலந்த நீரிற் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசினோம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடுமாதலால் அதனை உலர் நிலையிற் சுரண்டித் தூசி கிளப்புதல் கூடாது. பேரிங்குகளைப் புதிதாக மாற்றினோம். மோட்டாரை மின்வினைஞர் ஒருவர் சோதித்த பின்னரே ஆளியைத் தொட்டோம்.

மீட்டதைக் காப்பது எங்ஙனம்? மேசைக்கு எண்ணெய் ஆகாது. அது பலகையிற் கறையாகும். மெழுகு பூசித் துணியால் துடைத்தலே தகும். ஈர மரத்தை மேசைமேல் விட்டுவைத்தல் ஆகாது. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்குமாதலால் அன்றாட வேலை முடிந்ததும் அதனைத் துடைத்தெடுத்தல் வேண்டும். பிளாஸ்ரிக் விரிப்பை இறுக மூடினால் உள்ளே ஈரம் வியர்க்கும். பருத்தித் துணியே நன்று. குளிர்ந்த இரும்பின்மேல் ஈரக்காற்றுப் படும்போதே நீர் அரும்புகின்றது. ஆகவே பட்டறைக்குக் காற்றோட்டமும் ஒழுகாத கூரையும் இன்றியமையாதன.

கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் பதினான்காம் நூற்றாண்டின் கலைச் செல்வங்கள். கதிர்காமக் கந்தனுக்குரிய அக்கோயிலிற் கூரையின் 26 கைமரங்கள் ஒரே மர முளையில் வந்து கூடுவதைக் கண்டு வியவாதார் இல்லை. அந்தானையிலோ, 1925ஆம் ஆண்டு எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாகிப் பழைய இயந்திரங்களைப் பேணி நிற்கின்றது. மரமாயினும் இரும்பாயினும் நெடுங்காலம் நிலைப்பது, தலைமுறைதோறும் ஒருவர் அதனைத் துடைத்து வைப்பதனாலன்றோ?

இளைஞன் இப்பொழுது கதவு நிலைகளுக்குப் பலகை சீவுகின்றான். அடகிலிருந்து ஒரு காப்பு மீண்டுவிட்டது; மற்றையது இன்னும் மீளவில்லை. நாள்தோறும் மாலையில், விளக்கேற்றுமுன் அவன் தாய் பழந்துணி ஒன்றை எடுத்து அம்மேசையைத் துடைத்து விடுகின்றார். மெழுகு பூசக் கற்பித்தவர் நாம். மறவாது துடைப்பவர் அவரே.