விமானக் கூரை கண்ணுக்குள் போன கதை தெரியுமா?

குழந்தைகள் உருட்டி உருட்டி யானை செய்யும் பிளே-டோ மாவு, பிறந்தபோது பொம்மை இல்லை, சுவர் துடைக்கும் மாவு! தெரியுமா? அமெரிக்க வீடுகளில் குளிருக்கு நிலக்கரி எரித்த காலம் அது. கரி படிந்த வால்பேப்பரில் தண்ணீர் பட்டால் கிழிந்துவிடும். அதனால் இந்த மாவுருண்டையைச் சுவரில் ஒற்றி ஒற்றிக் கரியை எடுத்தார்கள். பிறகு எரிவாயு வந்தது, கரி போனது, மாவை வாங்க ஆளில்லை. சின்சினாட்டியில் அதைத் தயாரித்த கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது, உரிமையாளர் குடும்பத்து உறவினரான கே சூஃபல் என்ற நர்சரி ஆசிரியை, அந்த மாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். அப்புறம் அந்தப் பிஞ்சுக் கைகள் அதை விடவேயில்லை! 1956-ல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

இன்னொரு வால்பேப்பர் கதை. 1957-ல் நியூஜெர்சியில் இரண்டு பேர் பிளாஸ்டிக் திரைகளைச் சேர்த்து ஒட்டி, மேடு பள்ளமான வால்பேப்பர் செய்ய முயன்றார்கள். உள்ளே காற்றுக் குமிழ்கள் மாட்டிக்கொண்டன. சுவரில் ஒட்ட யாரும் முன்வரவில்லை. ஆனால் ஐபிஎம் கம்ப்யூட்டர்களை அடிபடாமல் அனுப்ப அதுவே கைகொடுத்தது. நாம் பட் பட்டென்று உடைத்து மகிழும் பபுள் ராப் அதுதான்!

இவை இரண்டையும் தூக்கிச் சாப்பிடும் சங்கதி ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் யாருக்காவது கண்புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்திருக்கிறார்களா? அந்த லென்ஸின் பூர்வீகம் போர் விமானம்! இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்களில், விமானியின் தலைக்கு மேல் 'பெர்ஸ்பெக்ஸ்' என்ற பிளாஸ்டிக்கில் ஒளி ஊடுருவும் மூடி இருந்தது. குண்டு பட்டுச் சிதறினால் சில்லுகள் விமானியின் கண்ணில் பாய்ந்துவிடும். சாதாரணமாகக் கண்ணில் தூசி விழுந்தாலே சிவந்து, வீங்கி, நீர் கொட்டும். ஆனால் இந்தச் சில்லுகள் கண்ணுக்குள்ளேயே கிடந்தும் கண் அதிகம் முரண்டு பிடிக்கவில்லை. லண்டன் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி இதைக் கவனித்துவிட்டார். அந்தக் கவனிப்புக்குத்தான் கோடி கும்பிடு போட வேண்டும்!

அதுவரை கண்புரை என்றால் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எடுத்த இடத்தில் அந்த பிளாஸ்டிக்கிலேயே லென்ஸ் செய்து வைத்தால் என்ன என்று ரிட்லி துணிந்தார். 1949 நவம்பர் 29, செயின்ட் தாமஸ் மருத்துவமனை. வைத்தேவிட்டார்! சக மருத்துவர்கள் கொதித்தார்கள். கண்ணுக்குள்ளிருந்து அந்நியப் பொருளை எடுப்பது வைத்தியம், உள்ளே வைப்பது வைத்தியமா என்று ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். ஆனால் காலம் ரிட்லி பக்கம் நின்றது.

நம் மதுரைக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால், அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை ஆரம்பித்து, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அந்த வில்லையை மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ரிட்லிக்கே பிற்காலத்தில் புரை வந்து, அதே செயின்ட் தாமஸில் லென்ஸ் வைத்துக்கொண்டார் என்பது கேட்கவே சிலிர்க்கிறது.

பொருள்கள் மட்டுமல்ல, கட்டடங்களும் இப்படி வேலை மாறியதுண்டு. சென்னை மெரினாவுக்கு வாருங்கள். விவேகானந்தர் இல்லம் என்ற அந்த வட்ட வடிவக் கட்டடம் 1842-ல் எதற்குக் கட்டப்பட்டது தெரியுமா? ஐஸ் வைக்க! குளிர்காலத்தில் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலேறி மதராஸுக்கு வந்தது. அந்த மரத்தூளும் அறுவை மில்களில் வேண்டாமென்று ஒதுக்கியதுதான்! ஐஸை இயந்திரத்திலேயே செய்யலாம் என்றானதும் வியாபாரம் படுத்தது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி ஜன்னல்கள் வைத்தார். 1897-ல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில், சிறு வயதிலேயே விதவையான பெண்கள் தங்கிப் படிக்கும் விடுதியானது. ஐஸ் போய் நூறாண்டுக்கு மேலாகியும், அந்த வட்டாரத்துப் போலீஸ் ஸ்டேஷன் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்'தான்!

லண்டனில் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞரின் படைப்புகளுக்கு இந்த வேலை மாற்றம் இரட்டிப்பாக நடந்தது. அவர் வடிவமைத்த பேங்க்சைடு மின் நிலையம் 1981-ல் மூடப்பட்டு, 2000-ல் டேட் மாடர்ன் கலைக்கூடமாகத் திறந்தது. 99 மீட்டர் புகைபோக்கி அப்படியே நிற்கிறது. பிரிட்டன் என்றதுமே நினைவுக்கு வரும் சிவப்பு டெலிபோன் கூண்டும் அவர் கைவண்ணம்தான். செல்போன் வந்து கூண்டுகள் காலியானதும், ஊர்ச் சபைகளுக்கு அவற்றை ஒரு பவுண்டுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று சிலவற்றில் நின்றுபோகும் இதயத்தை மீட்கும் மின்னதிர்ச்சிக் கருவி தொங்குகிறது. சிலவற்றில் புத்தக அலமாரி. பிடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு, படித்து முடித்த ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள்!