மாவாய்ப் போன மக்காச்சோளம் மீண்டும் கெட்டியான கதை

நம் கோவை, திருப்பூர், நாமக்கல் பகுதி மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்கே போகிறது என்பதை உடுமலை, பல்லடம் உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தீவன ஆலைக்காரர் அதனுடன் சோயாப் புண்ணாக்கையும், போதாதென்று லைசினையும் விலைகொடுத்து வாங்கிக் கலப்பது ஏன்? மக்காச்சோளப் புரதத்தில் ஏறத்தாழப் பாதி, ஸீன் என்ற வகையாகும். அதில் லைசின் இல்லை என்றே கூறலாம். கோழி வளர லைசின் தேவை. நமக்கும்தான்.

1964-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், நெல்சன் ஆகியோர், ஒபேக்-2 என்ற சடுதி மாற்றம் உள்ள மணிகளில் லைசின் ஏறக்குறைய இரு மடங்கு இருப்பதைக் கண்டனர். நடப்பது இதுதான். ஸீனைச் செய்யச் சொல்லி ஏவுவதற்குச் செல்லில் ஒரு மேஸ்திரிப் புரதம் உண்டு. ஒபேக்-2 மாற்றத்தால் அந்த மேஸ்திரி முடங்கிவிடுகிறார். ஸீன் குறைகிறது, லைசின் மிகுந்த மற்றப் புரதங்களின் பங்கு கூடுகிறது.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் மாவுத் துகள்களை இறுக்கிப் பிடிப்பதும் ஸீன்தான். அது குறைந்ததும் மணி சுண்ணாம்புபோல் மங்கி, மெத்தென்றாகி, எடை குறைந்தது. வண்டுக்கும் கதிரழுகலுக்கும் எளிதில் இரையாயிற்று. நம் நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் வெளியான சக்தி, ரத்தன், புரோட்டினா ஆகிய கூட்டு இரகங்கள் இக்குறையால்தான் பரவவில்லை. மூட்டை எடை குறைந்தால், சத்து மிகுதி என்று சொல்லி எந்த உழவரைத் திருப்திப்படுத்த முடியும்?

மெக்சிகோவின் சிமிட் நிலையத்தில் நம் நாட்டவரான சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா வில்லேகாஸ் அம்மையாரும் சளைக்கவில்லை. ஒபேக்-2 கதிர்களிலும் அங்கங்கே சில மணிகள் பாதி கண்ணாடிபோல் கெட்டியாக இருந்தன. அவற்றைப் பொறுக்கி, லைசினை அளந்து, பல தலைமுறை தேர்வு செய்தனர். இதற்கு 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

அம்மணிகளில் முடங்கிய மேஸ்திரி எழுந்துவிடவில்லை. வேறொரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் குறையை ஈடு செய்தது. காமா ஸீன் என்ற இன்னொரு புரதத்தின் மரபணு இரட்டித்திருந்ததால் அப்புரதம் மிகுதியாய் உண்டாகி மாவைப் பிணைத்தது. பழைய ஸீன் குறைந்தபடியே இருப்பதால் லைசினும் தங்கிவிட்டது. இந்த இரட்டிப்பு 2016-இல்தான் தெளிவாயிற்று. துணை செய்யும் மரபணுக்கள் இன்னும் சில உண்டு. 2001-இல் சக்திமான்-1, பிறகு எச்.க்யூ.பி.எம்.-1 எனத் தரப்புரத வீரிய ஒட்டுகள் நம் நாட்டில் வந்தன. கோவையிலும் யு.எம்.ஐ. 1200 என்ற பெற்றோர் வரிசையில் ஒபேக்-2 சேர்க்கப்பட்டது. அம்முடிவு 2019-இல் வெளியாயிற்று.

இதைப் பயிரிட எண்ணுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒபேக்-2 ஒடுங்கு பண்பு. அடுத்த வயலின் சாதாரண மக்காச்சோள மகரந்தம் விழுந்த மணியில் மேஸ்திரி திரும்ப வந்துவிடுவார். அந்த மணியின் லைசின் உயர்வு போய்விடும். எனவே தனித்தோ, அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரே பரப்பாகவோ பயிரிடுங்கள். வீரிய ஒட்டில் வீட்டு விதை எடுத்தால் ஈடுகட்டும் மரபணுக்கள் பிரிந்து, மெத்தென்ற மணிகள் தலைகாட்டும்.

கெட்டிப்பட்டபின் இம்மணியைச் சாதாரண மணியிலிருந்து கண்ணால் பிரித்தறிவது கடினம். வியாபாரியும் ஒரே விலைதான் போடுவார். ஆகவே விதை வாங்குமுன் தீவன ஆலையாரிடம் விலை பேசிக்கொள்ளுங்கள்.