சரக்குப் போக்குவரத்தும் உழைப்பாளரின் நிலையும்

நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்குப் போக்குவரத்து இன்றியமையாதது. பஞ்சாபில் விளையும் கோதுமை கேரளத்தின் நியாய விலைக் கடைக்கும், ஜார்க்கண்டில் வெட்டப்படும் நிலக்கரி தொலைவிலுள்ள அனல் மின் நிலையத்திற்கும் சென்று சேர்ந்தால்தான் உற்பத்தி பயன் பெறுகிறது. எஃகு, ரப்பர், டீசல் ஆகியவற்றுக்குப் பெரும் சந்தையாக விளங்குவதும், பல லட்சம் குடும்பங்களுக்குப் பிழைப்பளிப்பதும் இத்துறையே ஆகும்.

ரயிலிலிருந்து சாலைக்கு

1950-51இல் சரக்குப் போக்குவரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ரயில்வேயின் வசம் இருந்தது. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சாலை வழியே செல்கிறது. ரயில்வே ஏற்றும் சரக்கு குறைந்துவிடவில்லை. 1950-51இல் சுமார் 7.3 கோடி டன்னாக இருந்த அது, 2023-24இல் சுமார் 159 கோடி டன்னாக உயர்ந்தது. எனினும், வாசலில் ஏற்றி வாசலில் இறக்கும் வசதியினால் லாரிப் போக்குவரத்து அதைவிட விரைவாக வளர்ந்தது. இதே காலத்தில் சாலைகளின் நீளமும் சுமார் 4 லட்சம் கி.மீ.யிலிருந்து 63 லட்சம் கி.மீ.க்கு மேல் பெருகியது.

வேலையின் தன்மை

சரக்கு மாறியபோது வேலையின் தன்மையும் மாறியது. ரயில்வே ஊழியருக்கு வேலை நேரம், ஓய்வு, மருத்துவ வசதி ஆகியவை விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. லாரித் தொழிலோ பெரும்பாலும் ஓரிரு வண்டிகளையுடைய சிறு உரிமையாளரிடம் உள்ளது. அவர்களிடையே நிலவும் கடும் போட்டி வாடகையைக் குறைக்கிறது. ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்றே கூலி பேசப்படுவதால், சரக்கேற்றக் காத்திருக்கும் நாள் வருவாயற்ற நாளாகிறது. இழந்த நேரத்தை அவர் இரவு உறக்கத்தைக் குறைத்து ஈடுசெய்கிறார்.

1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களுக்கு 10 மணி, 54 மணி வரை இடமளித்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்நேர வரம்பைப் போக்குவரத்து வாகனம் இயக்கும் அனைவருக்கும் உரியதாக்கியது. ஆனால் ஓய்வறை, சீருடை, ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலியவை ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயமாயின. 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இவ்வெண்ணிக்கை பத்தாக உயர்ந்தது. ஆகவே சிறு உரிமையாளரின் ஓட்டுநர் பாதுகாப்பு வளையத்திற்கு வெளியிலேயே நிற்கிறார்.

செய்ய வேண்டுவன

2017இல் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டு, வழியில் காத்திருக்கும் நேரம் குறைந்தது. 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாயிற்று. இவை வரவேற்கத்தக்கவை. எனினும், சரக்கேற்றும் இடத்தில் காத்திருக்கும் நேரத்திற்குச் சரக்கு அனுப்புவோரே ஈடு அளிப்பதும், ஓட்டிய நேரம் முறையாகப் பதிவாவதும் அவற்றினும் அடிப்படையானவை.

குறைந்த வாடகை நுகர்வோருக்கு ஆதாயமே. ஆயின், ஓட்டுநரின் உறக்கத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் ஆதாயம் விபத்தாகவும் நோயாகவும் சமுதாயத்தின் கணக்கிலேயே மீண்டும் செலவாக எழுதப்படுகிறது.