பேஸைப் பிடித்தால் பாட்டு பிடிபடும்

பள்ளிப்பட்டு நேயர்களே, பக்கத்துத் திருத்தணியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கிருதியைப் பாடினார் என்பார்கள். மணலியில் வாழ்ந்தபோது ஜார்ஜ் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் காதாலேயே வாங்கி, சங்கராபரணத்தில் நோட்டுஸ்வரங்கள் செய்தவரும் அவரே. அந்தச் சங்கராபரணம்தான் மேற்கத்திய மேஜர் ஸ்கேல். ஆகவே, ஸ்வரம் தெரிந்தவருக்குக் கார்டு பிடிப்பது எளிது.

பாட்டு ஓடும்போது பாடகரை விட்டுவிட்டு, அடியில் முழங்கும் பேஸ் கிட்டாரை மட்டும் முனகிப் பாருங்கள். அது ச, ப, த, ம என்று சுற்றி வந்தால், உலகெங்கும் எத்தனையோ பாப் பாடல்களைத் தாங்கும் நாலு கார்டு வரிசை அதுதான். சி மேஜரில் சி, ஜி, ஏ மைனர், எஃப். மூன்றாவதில் மனசு லேசாகக் கனக்கும். மைனரை அப்படித்தான் அடையாளம் காண வேண்டும்.

இனி தாளம். ஆறு வரை எண்ணிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். வலது கை ஒன்று, மூன்று, ஐந்தில். இடது கை ஒன்று, நாலில். சேர்ந்து, வலது, இடது, வலது என்று விழும். இரண்டுக்கு மூன்று! வாய் எண்ணாமலே கை தடுமாறவில்லையா? அடுத்து நாலுக்கு மூன்று போடலாம்.